பகை நாட்டிலிருந்து வந்த பாதிரிமார்

செம்பூரில் வாழும் தமிழர் பலர் நாள்தோறும் தேவனார் வழியே வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். அவ்வழியில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் என்னும் புகழ்பெற்ற உயர்கல்விக் கூடம் இருக்கிறது. மதுரைச் சீமையிலிருந்து வந்து மாதுங்காவில் குடியேறியவர்கள் தம் ஊரின் அமெரிக்கன் கல்லூரியை நன்கு அறிவர். பழந்தமிழ் நூல்கள் அச்சேறிய வரலாற்றைப் படித்தோர், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் நடந்த கலாசாலையை அறிவர். இம்மூன்றும் வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு காலத்தில் தோன்றியவை. ஆயினும் இவை யாவும் ஒரே கொடியில் காய்த்தவை. அக்கொடி முதன்முதல் ஊன்றப்பட்ட இடம் நாம் வாழும் இந்த மும்பை நகரம். ஊன்றப்பட்ட ஆண்டு 1813.

அவ்வாண்டு சாதாரணமான ஆண்டன்று. இங்கிலாந்துக்கும் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் அப்போது போர் நடந்துகொண்டிருந்தது. மும்பையோ கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில், ஆங்கிலக் கொடியின்கீழ் இருந்தது. அவ்வேளையில் அமெரிக்கத் திருச்சபையொன்று அனுப்பிய இரண்டு இளைஞர்கள் இங்கே வந்து இறங்கினர். பகை நாட்டுக் குடிகள் என்பதனால் அவர்களைக் கப்பலேற்றி அனுப்பிவிட வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. அவர்கள் எங்ஙனம் இங்கே நிலைத்தனர்? அவர்களை அனுப்பிய திருச்சபைகள் தம் நாடு போரில் இறங்கியபோது என்ன செய்தன? ஒரு நாடு போர் தொடுக்கும்போது, அறத்தைப் போதிப்போர் அரசோடு நிற்பதா, எதிர்த்து நிற்பதா, வாய்மூடி இருப்பதா? இவ்வினாக்களைக் குறித்தே இன்று நாம் சிந்திக்கப் புகுகின்றோம்.

முதலில் போரின் காரணத்தைக் காண்போம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுப் பேரரசன் நெப்போலியனும் இங்கிலாந்தும் ஐரோப்பாவின் ஆதிக்கத்துக்காகப் பொருதுகொண்டிருந்தனர். எதிரியின் துறைமுகத்துக்குச் சரக்குக் கொண்டு போகலாகாது என்று இரு திறத்தாரும் நடுநிலை நாட்டுக் கப்பல்களைத் தடுத்தனர். ஆங்கிலக் கடற்படையினர் நடுக்கடலில் அமெரிக்கக் கப்பல்களை நிறுத்தி, அவற்றில் உள்ள மாலுமிகளை ஆங்கிலக் குடிகள் என்று சொல்லிப் பிடித்துத் தம் போர்க்கப்பல்களில் வேலைக்கு அமர்த்தினர். 1807இல் அமெரிக்க அரசு தன் கப்பல்கள் அயல்நாடு செல்வதையே தடை செய்தது. அதனால் பகைவர் வருந்தினரோ இல்லையோ, அமெரிக்க வணிகர் பெரிதும் வருந்தினர். இறுதியில் 1812 ஜூன் 18ஆம் நாள், அதிபர் ஜேம்ஸ் மாடிசன் காலத்தில், அமெரிக்கா இங்கிலாந்தின்மீது போர் அறிவித்தது. அத்தீர்மானத்துக்குக் கீழ்ச்சபையில் 79 பேர் இசைந்தனர், 49 பேர் மறுத்தனர். மேற்சபையில் 19 பேர் இசைய, 13 பேர் மறுத்தனர். நாடு ஒரு மனத்தோடு போர் புகவில்லை என்பதற்கு இவ்வெண்களே சான்று.

நாட்டில் கண்ட பிளவு தேவாலயங்களிலும் தோன்றிற்று. பாஸ்டன், சேலம் முதலிய துறைமுகங்களைக் கொண்ட வடகிழக்குப் பகுதியை நியூ இங்கிலாந்து என்பர். அங்கே செல்வாக்குப் பெற்றிருந்தது காங்கிரிகேஷனல் திருச்சபை. அதன் குருமார் பெரும்பாலோர் இப்போரைக் கண்டித்தனர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கவர்னர் கேலப் ஸ்ட்ராங், 1812 ஜூலை 23ஆம் நாளை உண்ணா நோன்புக்கும் வேண்டுதலுக்கும் உரிய நாளாக அறிவித்தார். தம் முன்னோரின் தாய்நாட்டோடு போர் நேர்ந்ததை எண்ணி வருந்தும் நாளாகவே அது அமைந்தது. அதிபர் மாடிசன் தம் சார்பில் ஆகஸ்டு 20ஆம் நாளை நோன்பு நாளாக அறிவித்தார். ஒரே மாநிலத்து மக்கள் ஒரு மாதத்துக்குள் இரண்டு நோன்புகளை நோற்றனர். முதல் நோன்பு போர் வந்ததே என்று வருந்துதற்கு. இரண்டாம் நோன்பு போரில் இறைவன் துணைநிற்க வேண்டுதற்கு. பல ஊர்களில் இரண்டாம் நோன்பன்றும் குருமார் போரைக் கண்டித்தே பேசினர்.

பாஸ்டனில் இருந்த வில்லியம் எல்லரி சானிங் என்னும் இளம் போதகர் அவர்களுள் குறிப்பிடத் தக்கவர். போர் அநீதியானது என்று அவர் அஞ்சாமல் உரைத்தார். அரசின் செயலைக் குறித்துக் குடிகள் பேசுதற்குள்ள உரிமையைப் போரைக் காரணம் காட்டிப் பறிக்கலாகாது என்றும் வாதிட்டார். அதே வேளையில், சட்டத்தை மீறிக் கலகம் செய்யும் வழியை அவர் ஏற்கவில்லை. எதிர்ப்புக்கும் கலகத்துக்கும் இடையே ஓர் எல்லை உண்டு என்பதனை அக்காலத்திலேயே உணர்ந்தவர் அவர்.

ஆயினும் எல்லாத் திருச்சபைகளும் இப்பக்கம் நிற்கவில்லை. பாப்டிஸ்டு சபையினரும் மெதடிஸ்டு சபையினரும் பெரும்பாலும் மாடிசனின் அரசை ஆதரித்தனர். இதற்கு ஓர் உள்நாட்டுக் காரணம் இருந்தது. மாசசூசெட்ஸ், கனெக்டிகட் ஆகிய மாநிலங்களில் காங்கிரிகேஷனல் திருச்சபையே சட்டத்தின் ஆதரவு பெற்ற சபை. அதனைப் பேணுதற்குக் குடிகளிடம் வரி தண்டப்பட்டது. மாற்றுச் சபையினர் இவ்வரியினால் நெடுநாள் துன்புற்றனர். மத விஷயத்தில் அரசு தலையிடலாகாது என்ற ஜெபர்சன், மாடிசன் ஆகியோரின் கட்சியிடம் அவர்களுக்கு நன்றியுணர்ச்சி இருந்தது. ஆகவே அக்கட்சி நடத்திய போரையும் அவர்கள் தம் போராகக் கருதினர். குவேக்கர், மென்னோனைட்டு முதலிய சிறு சபையினரோ எந்தப் போரிலும் ஆயுதம் ஏந்த மறுப்பவர். அவர்கள் அபராதமும் இகழ்ச்சியும் ஏற்றுத் தம் கொள்கையில் நின்றனர்.

இவ்விடத்தில் நாம் நடுநிலை பிறழாது நோக்குதல் வேண்டும். நியூ இங்கிலாந்துக் குருமார் போரை எதிர்த்தது முழுவதும் அறத்தின்பாற் பட்டதுதானா? அன்று என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. நெப்போலியனை அவர்கள் சமயத்தின் பகைவனாகக் கண்டனர். இங்கிலாந்தைத் தம் சமயத்தின் அரணாகக் கண்டனர். அவர்களுடைய ஆலயங்களில் முன்வரிசையில் அமர்ந்தவர்கள் கப்பல் வணிகர். போரினால் அவ்வணிகம் கெட்டது. ஆங்கிலக் கடற்படை அமெரிக்கக் கரையை முற்றுகையிட்டபோது, 1814ஆம் ஆண்டின் முற்பகுதி வரையில் நியூ இங்கிலாந்துத் துறைகளை விட்டு வைத்தது. போரை வெறுப்பவரைத் தம் பக்கம் இழுத்தலும், அவர்களிடமிருந்து தானியம் வாங்குதலும் ஆங்கிலேயர் கருத்து. அவ்வாறே தானியமும் இறைச்சியும் ஆங்கிலச் சேனைக்குச் சென்றன. மேடையில் சமாதானமும் துறைமுகத்தில் விற்பனையும் ஒருங்கே நடந்தன. ஒருவன் சொல்லும் அறம் அவனுக்கு இலாபமும் தருமாயின், அவ்வறத்தை இருமுறை உரைத்துப் பார்த்தே பொன்னென ஏற்க வேண்டும்.

அவ்வுரைகல்லில் உரைக்கப்பட்டவர்களே நம் மும்பைக்கு வந்த இளைஞர்கள். மாசசூசெட்ஸின் வில்லியம்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் ஒரு கல்லூரி உண்டு. 1806இல் அக்கல்லூரி மாணவர் சிலர் மழைக்கு ஒதுங்கி, ஒரு வைக்கோற்போரின் அருகே அமர்ந்து, ஆசிய நாடுகளுக்குச் சமயப்பணியாற்றச் செல்வதென எண்ணம் கொண்டனர் என்பது அவர்கள் வரலாறு. அவ்வெண்ணம் வளர்ந்து, 1810இல் அயல்நாட்டுப் பணிக்கென ஒரு சங்கம் உருவாயிற்று. நம் நாட்டில் அதனை அமெரிக்கன் மிஷன் என்றே வழங்குகிறோம். 1812 பெப்ரவரி 6ஆம் நாள் சேலம் நகரின் ஆலயத்தில் ஐவருக்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. அடோனிராம் ஜட்சன், சாமுவேல் நியூவெல், சாமுவேல் நாட், கார்டன் ஹால், லூதர் ரைஸ் என்பன அவர்கள் பெயர்கள். அம்மாதமே அவர்கள் இரு கப்பல்களில் ஏறிக் கல்கத்தா நோக்கிப் புறப்பட்டனர். கரையை விட்டபோது போர் இல்லை. முதற்கப்பல் ஜூன் மாத நடுவில் கல்கத்தாவை அடைந்தது. அதே வாரத்தில் வாஷிங்டனில் போர் அறிவிக்கப்பட்டது. கடல் கடந்து செய்தி வரப் பல மாதங்கள் ஆகும் காலம் அது. தாம் பகைவராகிவிட்டதை அறியாமலே அவர்கள் பகைவரின் நகரில் நடமாடினர்.

போர்ச் செய்தி வருமுன்பே கம்பெனியார் அவர்களை வெளியேறச் சொன்னது ஏன் என்று நேயர் கேட்கலாம். அதன் விடை நம் தமிழ்நாட்டில் இருக்கிறது. 1806 ஜூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். புதிய தலைப்பாகையும், நெற்றிக்குறி, தாடி பற்றிய புதிய விதிகளும் தம் சமயத்துக்கு ஊறு செய்வன என அவர்கள் எண்ணியதே உடனடிக் காரணம். அந்நாள் முதல், குடிகளின் சமய உணர்ச்சியைத் தொடும் எதனையும் கம்பெனியார் அஞ்சினர். பாதிரிமார் ஆங்கிலேயராயினும் அவர்களை விரும்பவில்லை. வில்லியம் கேரி முதலியோர் டேனிஷ் கொடி பறந்த சீராம்பூரில் தங்கியே பணியாற்ற வேண்டியிருந்தது. இலாபமே கம்பெனியின் நோக்கம். கலகம் வந்தால் இலாபம் கெடும். ஆங்கிலேயர்க்கே அந்நிலையென்றால் அமெரிக்கர் எம்மாத்திரம்?

ஐவரும் திசைக்கொருவராகப் பிரிந்தனர். நியூவெல் தம் மனைவி ஹேரியட்டுடன் மொரீஷியஸ் தீவுக்குப் புறப்பட்டார். வழியில் பிறந்த குழந்தை இறந்தது. ஹேரியட்டும் அத்தீவில் 1812 நவம்பர் 30ஆம் நாள் காலமானார். அவருக்கு வயது 19. ஜட்சனும் ரைஸும் பாப்டிஸ்டு கொள்கையை ஏற்றனர். ஜட்சன் சென்னை வழியாக 1813இல் பர்மா சேர்ந்தார். ஹாலும் நாட் தம்பதிகளும் மட்டுமே மேற்குக் கரைக்குக் கப்பலேறி, 1813 பெப்ரவரியில் பம்பாய்த் துறையில் இறங்கினர். அவர்களுக்கு முன்பே கல்கத்தாவிலிருந்து எச்சரிக்கை வந்து சேர்ந்திருந்தது.

அப்போது பம்பாயின் கவர்னர் சர் ஈவான் நெப்பியன். பிரெஞ்சுப் போர்க்காலத்தில் இலண்டனில் கடற்படை அலுவலகத்தின் செயலாளராக இருந்தவர். போர்க்கால ஒற்றர் சூழ்ச்சிகளை நன்கறிந்தவர். அத்தகையவர் பகை நாட்டாரைக் கண்டதும் சிறையிலிட்டிருந்தால் வியப்பில்லை. ஆயினும் அவர் வேதநூல் பரப்பும் சங்கத்தில் ஈடுபாடு கொண்டவர். வந்தவர்களின் பேச்சைக் கேட்கும் பொறுமையும் உடையவர். அவர்களை இங்கிலாந்துக்கு அனுப்புமாறு கல்கத்தா வற்புறுத்திற்று. நெப்பியனோ மாதக்கணக்கில் காலம் தாழ்த்தினார். அவர்களும் விண்ணப்பத்தின்மேல் விண்ணப்பம் எழுதினர்; ஊரில் இருந்தபடியே மராத்தி மொழியைக் கற்கத் தொடங்கினர்.

1813 நவம்பரில் நெப்பியனுக்கு வேறு வழி இல்லாமற் போயிற்று. இங்கிலாந்து செல்லும் கப்பலில் ஏறுமாறு இருவருக்கும் கட்டளை பிறந்தது. அப்போது அவர்கள் ஒரு செயல் செய்தனர். அரசுக்கு அறிவியாமல், ஒரு நாட்டுப் படகில் ஏறிக் கொச்சிக்குச் சென்றுவிட்டனர். அங்கிருந்து இலங்கைக்குப் போதல் அவர்கள் எண்ணம். கொச்சியில் பிடிபட்டு, மீண்டும் பம்பாய்க்கே கொண்டுவரப்பட்டனர். தம்மை நம்பி நகரில் உலவவிட்ட கவர்னரை ஏமாற்றினர் என்ற பழி அவர்கள்மேல் விழுந்தது. மனித ஆணையினும் மேலான ஓர் ஆணைக்குத் தாம் கட்டுப்பட்டவர் என்பதே அவர்கள் சொன்ன சமாதானம்.

இச்சமாதானத்தை நாம் ஏற்பதா? மேலான ஆணை என்று எவரும் சொல்லிவிடலாம். அதைச் சொல்லித் தவறு செய்தவரும் உலகில் பலர். காந்தியடிகளின் வழியை அறிந்த நமக்கு அளவுகோல் ஒன்று உண்டு. சட்டத்தை மீறுபவன் மறைவின்றி மீற வேண்டும். அதன் பயனைத் தானே ஏற்கவும் வேண்டும். ஒளிந்து சென்ற கொச்சிப் பயணம் அவ்வளவுகோலுக்கு ஒத்துவரவில்லை. அது அவர்களுக்குப் பயனும் தரவில்லை. திரும்பி வந்தபின் 1813 டிசம்பரில் ஹால் வெளிப்படையாக எழுதிய விண்ணப்பமே பயன் தந்தது. தாம் எந்த அரசின் கையாளும் அல்லர். கற்பிக்கவும் போதிக்கவுமே வந்தவர். தம்மைத் துரத்துதல் சமயத்தையே துரத்துவதாகும்; அதற்கு ஆள்பவர் இறைவன்முன் விடை கூற வேண்டிவரும். பணிவும் உறுதியும் கலந்து இங்ஙனம் அவர்கள் முறையிட்டனர். நெப்பியன் அவர்களைக் கப்பலேற்றும் முயற்சியை நிறுத்தி, இலண்டனிலிருந்து முடிவு வருமளவும் தங்கியிருக்க இசைந்தார்.

இலண்டனிலும் காலம் மாறிக்கொண்டிருந்தது. கம்பெனியின் உரிமைப் பத்திரம் 1813இல் பாராளுமன்றத்தில் புதுப்பிக்கப்பட்டபோது, பாதிரிமார் உரிமம் பெற்று இந்தியாவில் பணியாற்றலாம் என்ற விதி சேர்க்கப்பட்டது. வில்பர்போர்ஸ், சார்லஸ் கிராண்ட் முதலியோர் அதற்காக உழைத்தவர். கிராண்ட் இவ்வமெரிக்கர் பொருட்டும் கம்பெனி இயக்குநரிடம் பரிந்து பேசினார். பின்னர் அவர்கள் தங்குவதற்கு இசைவு கிடைத்தது. இரு நாட்டுச் சேனைகளும் கனடா எல்லையில் பொருதுகொண்டிருக்க, 1814 ஆகஸ்டில் ஆங்கிலப் படை வாஷிங்டன் நகரின் அரசு மாளிகைகளுக்குத் தீயிட, பம்பாயில் ஓர் ஆங்கிலக் கவர்னரின் நிழலில் அமெரிக்கர் மராத்தி எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தனர்.

இனி, தமிழருக்கு நெருங்கிய பகுதிக்கு வருவோம். மனைவியையும் மகவையும் இழந்த நியூவெல், 1813இல் மொரீஷியஸிலிருந்து இலங்கைக்கு வந்தார். இலங்கையின் கடற்கரைப் பகுதிகள் அப்போது கம்பெனியின் ஆட்சியில் இல்லை. 1802 முதல் ஆங்கில மன்னரின் நேர் ஆட்சியில் இருந்தன. ஆகவே கம்பெனியின் அச்சம் அங்கே சட்டமாகவில்லை. நியூவெல் அங்குத் தங்கி, யாழ்ப்பாணம் பணிக்கு உகந்த இடம் எனக் கண்டு தம் சங்கத்துக்கு எழுதினார். பின் 1814இல் பம்பாய் வந்து ஹாலுடன் சேர்ந்தார். போர் நடந்தவரையில் சங்கத்தார் புதிதாக எவரையும் அனுப்ப இயலவில்லை. 1814 டிசம்பர் 24ஆம் நாள் கெண்ட் நகரில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1815 அக்டோபரில் அடுத்த கப்பல் புறப்பட்டது. அதில் வந்தோர் 1816இல் யாழ்ப்பாணத்தில் கால் ஊன்றினர்.

அதன் விளைவை நேயர் அறிவர். 1823இல் வட்டுக்கோட்டைக் கலாசாலை தோன்றிற்று. 1824இல் உடுவிலில் பெண்கள் விடுதிப்பள்ளி தோன்றிற்று. 1841இல் உதயதாரகை என்னும் தமிழ்ச் செய்தித்தாள் பிறந்தது. மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிரீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம் பிள்ளையும் கரோல் விசுவநாத பிள்ளையும் வட்டுக்கோட்டையில் பயின்றவர்கள். அத்தாமோதரம் பிள்ளையே 1887இல் கலித்தொகையை அச்சேற்றியவர். யாழ்ப்பாணத்திலிருந்தே 1834இல் மதுரைக்குப் பணி பரவிற்று. பசுமலையில் 1881இல் தொடங்கிய கல்லூரி பின்னர் மதுரைக்குப் பெயர்ந்து அமெரிக்கன் கல்லூரியாகத் திகழ்கிறது. இவர்கள் நோக்கம் மதமாற்றமே. அதனை மறைத்தலும் வேண்டா. அந்நோக்கத்தை எதிர்த்த ஆறுமுக நாவலர் போன்ற சைவப் பெரியோர், அவர்களிடம் கண்ட பள்ளியையும் அச்சுக்கூடத்தையும் தம் சமயத்துக்குக் கருவியாக்கிக்கொண்டனர். இரு வழியாலும் தமிழ் வளர்ந்தது.

பம்பாயிலும் பள்ளிகளும் அச்சுக்கூடமும் ஏற்பட்டன. 1824இல் பெண்களுக்கென ஒரு பள்ளி திறக்கப்பட்டது. இந்நகரின் முதல் பெண்கள் பள்ளி அதுவே என்பர். 1827இல் இங்கு வந்த சிந்தியா பாரர் என்னும் அம்மையார், பின்னர் அகமது நகரில் பெண்கள் பள்ளி நடத்தினார். அப்பள்ளியைக் கண்டு ஊக்கம் பெற்றவர் ஜோதிராவ் புலே. அவரும் சாவித்திரிபாயும் 1848இல் புனேயில் பெண் கல்விக்கு வித்திட்ட வரலாறு மராட்டிய நாடறிந்தது. முதலில் வந்தவர்களோ நெடுநாள் வாழவில்லை. நாட் உடல்நலம் குன்றி 1815இல் திரும்பினார். நியூவெல் 1821இல் பம்பாயில் வாந்திபேதியால் இறந்தார். ஹால் 1826 மார்ச்சில், நாசிக் பக்கம் சென்று திரும்பும் வழியில், அந்நோய்க்கே இரையானார். அவருக்கு வயது 41.

பர்மா சென்ற ஜட்சனின் கதை இதன் மறுபக்கம். 1824இல் ஆங்கிலேயருக்கும் பர்மாவுக்கும் போர் மூண்டது. ஜட்சன் அமெரிக்கர், அப்போரில் அமெரிக்காவுக்குத் தொடர்பில்லை. எனினும் ஆங்கிலம் பேசுபவர் ஆங்கிலேயரின் ஒற்றர் என்ற ஐயத்தால், ஆவா நகரில் விலங்கிடப்பட்டு ஓராண்டுக்கு மேல் சிறைப்பட்டார். பம்பாயில் ஆங்கிலேயருக்குப் பகைவர். ஆவாவில் ஆங்கிலேயரின் நண்பர்! போர்க்காலத்தில் அயலான் யாரென்பதை அவன் சொல்வதில்லை. அவனைக் காண்பவரின் அச்சமே சொல்கிறது.

அமெரிக்காவில் என்ன நிகழ்ந்தது? நியூ இங்கிலாந்தின் அரசியல் தலைவர்கள் 1814ஆம் ஆண்டின் இறுதியில் ஹார்ட்போர்டு நகரில் கூடித் தம் குறைகளைத் தீர்மானமாக்கினர். அதற்குள் சமாதானமும் வந்தது. நியூ ஆர்லியன்ஸ் வெற்றிச் செய்தியும் வந்தது. அவர்கள் கட்சி மக்கள் மதிப்பை இழந்து சில ஆண்டுகளில் மறைந்தது. வணிகத்தோடு கட்டுண்ட எதிர்ப்பு வணிகம் மீண்டதும் அடங்கிற்று. ஆயினும் அறத்தோடு கட்டுண்டது எஞ்சி நின்றது. நோவா வொர்ஸ்டர் என்னும் குரு, போர் என்னும் வழக்கத்தையே ஆராய்ந்து கண்டித்து 1814இன் இறுதியில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். 1815இல் நியூயார்க்கிலும் மாசசூசெட்ஸிலும் சமாதான சங்கங்கள் தோன்றின. எந்த நாட்டோடு போர், எந்தக் கட்சி நடத்திய போர் என்று பாராமல், போர் தகுமா என்று கேட்ட முதல் சங்கங்கள் அவை. இந்த நோவாவின் தம்பி சாமுவேல் வொர்ஸ்டரே ஹாலையும் நாட்டையும் அனுப்பிய சங்கத்தின் செயலாளர். அண்ணன் போரை எதிர்த்து நூல் எழுதினார். தம்பி அனுப்பிய இளைஞர் போரின் நடுவே பகைவர் ஊரில் பள்ளி வைத்தனர்.

ஒரு நூற்றாண்டு கழிந்து அதே வினா மீண்டும் நம் வாயிலில் வந்து நின்றது. 1914இல் முதல் உலகப் போர் மூண்டதும், பம்பாயில் கல்விப்பணி ஆற்றிவந்த ஜெர்மானிய ஏசு சபைக் குருமார் பகைவராயினர். பலர் காவலில் வைக்கப்பட்டுப் பின் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டனர். ஹாலுக்கு ஒரு நெப்பியன் வாய்த்தார். இவர்களுக்கு அங்ஙனம் ஒருவர் வாய்க்கவில்லை. அவர்கள் இடத்தை நிரப்ப ஸ்பெயின் நாட்டுக் குருமார் வந்தனர். அவ்வழியே 1922இல் வந்தவர் ஹென்றி ஹீராஸ். சிந்துவெளி முத்திரைகளின் மொழி திராவிட மொழியே என்று வாதிட்ட அறிஞர். தமிழ்நாட்டில் லைப்சிக் மிஷனின் ஜெர்மானியர் நீங்கியபின், 1919இல் தரங்கம்பாடியில் தமிழ் லுத்தரன் திருச்சபை தனியுரிமை பெற்றது. அமெரிக்காவோ 1917இல் போரில் இறங்கிற்று. அம்முறை பெரும்பாலான திருச்சபைகள் அரசோடு நின்றன. குவேக்கர் மட்டும் போரில் நொந்தவர்க்கு உதவ அவ்வாண்டே ஒரு தொண்டுக் கழகம் கண்டனர்.

மதுரையில் பணியாற்றிய கைத்தான் என்னும் அமெரிக்கரையும் இங்கே நினைத்தல் தகும். 1925இல் வந்த அவர், காந்தியடிகளின் இயக்கத்தில் பரிவு காட்டியதனால் 1930இல் நாட்டைவிட்டுச் செல்ல நேர்ந்தது. மீண்டும் வந்தவரை, இரண்டாம் உலகப் போரின்போது 1944இல் அரசு மறுபடி வெளியேற்றிற்று. அப்போது அமெரிக்கா ஆங்கிலேயரின் துணை நாடு. பகை நாட்டவராய் வந்த ஹால் தங்க இசைவு பெற்றார். நட்பு நாட்டவராய் வந்த கைத்தான் துரத்தப்பட்டார். அரசு அஞ்சுவது அயலானின் நாட்டை அன்று, அவன் மனச்சான்றை என்பது இதனால் விளங்கும். விடுதலைக்குப்பின் திரும்பிய அவர், காந்திகிராமப் பணிக்குத் துணைநின்று, தமிழ்நாட்டையே தம் நாடாகக் கொண்டார்.

இறுதியாக, தொடங்கிய இடத்துக்கே மீள்வோம். பம்பாயின் அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த கிளிபோர்டு மான்ஷார்ட்டு, நாக்பாடாவில் ஏழைத் தொழிலாளர் நடுவே ஒரு சமூக நிலையம் அமைத்தார். சமயம் எதுவாயினும் அங்கே எவரும் வரலாம். அவ்வனுபவத்தின் பயனாக 1936இல் சர் தோராப்ஜி டாட்டா அறநிலையத்தின் பொருளுதவியோடு சமூகப்பணிப் பள்ளி ஒன்று தோன்றியது. அதன் முதல் இயக்குநரும் அவரே. 1954இல் தேவனாருக்குப் பெயர்ந்த அப்பள்ளியே இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம்.

மும்பையில் வாழும் தமிழராகிய நமக்கு இவ்வரலாறு தொலைவில் உள்ள கதையன்று. திருநெல்வேலியிலிருந்து வந்து தாராவியின் தோல் தொழிலில் உழைத்தவரும், மாதுங்காவில் தங்கி அலுவலகம் சென்றவரும் ஒரு காலத்தில் இந்நகருக்கு அயலாரே. 1960களின் பிற்பகுதியில் தென்னாட்டாருக்கு எதிராக இங்கே எழுந்த கூக்குரலை முதியோர் மறந்திரார். போர் இல்லாத காலத்திலும் அயலான் அயலானே. அக்காலத்தும் நம் மக்கள் பள்ளி நடத்தினர், கடை திறந்தனர், மராத்தி கற்றனர், அண்டை வீட்டாரின் துன்பத்தில் உடன் நின்றனர். கதவைத் திறந்து வைத்த மராட்டிய அண்டைவீட்டாரும் பலர்.

திருச்சபையாயினும் வேறெந்தச் சபையாயினும், நாடு போர்க்கோலம் பூணும்போது அதன் சொல்லை எடை போடுவதற்கு வழி ஒன்று உண்டு. அச்சொல்லால் சொன்னவர் அடைந்த இலாபம் என்ன, இழந்தது என்ன என்று கேட்க வேண்டும். மேடையில் பேசிய பலருடைய பெயரை இன்று அவர் ஊராரே அறியார். மொழி கற்று, நோயாளிகளின் நடுவே உயிர் நீத்தவரின் பள்ளிகளில் இன்றும் பிள்ளைகள் படிக்கின்றனர். அவர்களை உள்ளே விட்ட நெப்பியனையும் நாம் மறத்தலாகாது. மேலிடத்துக் கட்டளை கையில் இருந்தும், எதிரே நின்றவன் சொல்வதை ஒருமுறை கேட்போம் என்று அவர் அமர்ந்தார். அன்று அவர் கேளாதிருந்தால், வட்டுக்கோட்டையின் ஏடும் மதுரையின் கல்லூரியும் தேவனாரின் கூடமும் எங்ஙனம் ஆகியிருக்கும் என்று யார் சொல்ல வல்லார்?